நான்காவது பீக்கர்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று படித்தபோது மனம் நிறைந்தது. கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுத மனம் வராததால்தான் இத்தனை நாள் தாமதம். 13 வயது மகளை ஒரு நாள் உன் தணிக்கை அலுவலகத்துக்கு அழைத்துப் போகலாமா, நாள் முழுவதும் கணினித் திரையின் முன் குனிந்திருக்கும் அம்மாவைத் தவிர அவள் அங்கே எதைப் பார்க்கப்போகிறாள், உடன் வேலை செய்பவர்களுக்கு அது தொந்தரவாகாதா என்று கேட்டிருந்தாய். அழைத்துப் போ என்பதே என் பதில். ஆனால் சென்ற மாதம் என் மகனை எங்கள் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது நான் செய்த தவற்றை நீ செய்துவிடக் கூடாது. ஆகவே நடந்ததை முழுவதுமாக எழுதுகிறேன்.

அந்த நாளை ஒரு கண்காட்சியாக நடத்த நினைத்ததுதான் என் தவறு. மூன்று நாள் முன்பிருந்தே திட்டமிட்டேன். மேசையை ஒழுங்குபடுத்தினேன், அவன் அளவுக்கு ஒரு வெள்ளை மேலங்கி தைத்து வைத்தேன், பார்க்க அழகாக இருக்கும் சோதனைகளை மட்டும் பொறுக்கி எடுத்தேன். நீரில் டிபிடி மாத்திரையைப் போட்டால், குளோரின் இருக்குமானால் அது இளஞ்சிவப்பாக மாறும். அதைக் கண்டு கை தட்டினான். நுண்ணோக்கியில் ஒரு பாசி இழையைக் காட்டினேன், ஆர்வமாகப் பார்த்தான். காலை பத்து மணிக்கெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த வித்தைகள் தீர்ந்துவிட்டன. பதினொரு வயதுப் பையன் கொட்டாவி விட்டபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினான். எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

பதினொன்றரை மணி அளவில் ஆற்றிலிருந்து வரும் நீர் மாறியது. மேல்பகுதியில் எங்கோ பெய்த மழை, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது. காலையில் 12 அலகாக இருந்த கலங்கல், ஒன்றரை மணி நேரத்துக்குள் 180-ஐத் தாண்டிவிட்டது. கிருமி நீக்கத்துக்குச் செல்லும் நீரில் கலங்கல் 1 அலகுக்கும் கீழே இருப்பது நல்லது என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. ஏனென்றால் மண் துகள்களின் மறைவில் ஒளிந்துகொள்ளும் கிருமிகளைக் குளோரின் எளிதில் எட்டுவதில்லை. மண்ணைப் படியவைக்கக் காலையில் போட்டுக்கொண்டிருந்த படிகாரத்தின் அளவு இனிமேல் போதாது. புதிய அளவை உடனே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவள் நான். அந்த நேரத்தில், உண்மையைச் சொல்கிறேன், மகன் ஒருவன் என்னுடன் வந்திருக்கிறான் என்பதையே மறந்துவிட்டேன்.

உதவியாளர் அன்று விடுப்பில் இருந்தார். வெவ்வேறு அளவு படிகாரம் போட்டு எது சரி என்று பார்க்கும் ஜார் டெஸ்டுக்காக ஆறு பீக்கர்களில் ஆற்று நீரை நிரப்பிவிட்டு, நேரம் பார்க்க ஆள் இல்லையே என்று திரும்பியபோதுதான், மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருந்தவன் கண்ணில் பட்டான். நிறுத்துக் கடிகாரத்தையும் குறிப்பேட்டையும் அவன் கையில் கொடுத்தேன். முதல் ஒரு நிமிடம் வேகமாகக் கலக்க வேண்டும், பிறகு இருபது நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும், அதன் பின் அசையாமல் தெளிய விட வேண்டும். நேரத்தைச் சொல்வதும், எந்தப் பீக்கரில் முதலில் மாற்றம் தெரிகிறது என்று எழுதுவதும் உன் வேலை என்றேன். அவன் முகம் அந்த இடத்திலேயே மாறிவிட்டது.

அந்த இருபது நிமிடங்களை நானும் அவன் கண்ணால் பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாகப் பார்த்துப் பழகிய காட்சி அது. செம்மண் துகள்கள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே மிதப்பதால் அவை தாமாகப் படிவதில்லை. படிகாரம் அந்த விலக்கத்தைத் தணிக்கிறது. மெதுவாகச் சுழலும் நீரில் முதலில் ஊசிமுனை அளவில் வெண்மையாக ஏதோ தெரியும், பிறகு அவை ஒன்றோடொன்று ஒட்டி, கிள்ளிப்போட்ட பஞ்சுத் துணுக்குகள்போலப் பருத்து, கலக்குவது நின்றதும் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். அவன் பீக்கரின் கண்ணாடியில் மூக்கு ஒட்டும் அளவுக்குக் குனிந்து, "நாலாவதில் இறங்குகிறது, நாலாவதில் இறங்குகிறது" என்று மூச்சு விடாமல் சொன்னான். குறிப்பேட்டில் நேரத்தை எழுதிய அவன் கை நடுங்கியதைப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் கேள்விகள் வந்தன. காலையில் நான் காட்டிய அழகான சோதனைகளைப் பற்றி அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதையும் நீ கவனிக்க வேண்டும். ஆறாவது பீக்கரில்தானே மிக அதிகமாகப் படிகாரம் போட்டாய், அது ஏன் நான்காவதைவிடக் கலங்கலாக இருக்கிறது என்று கேட்டான். தேவைக்கு மேல் போனால் துகள்களின் மின்னேற்றம் மறுபக்கமாகத் திரும்பிவிடும், அவை மறுபடியும் ஒன்றையொன்று விலக்கத் தொடங்கும், நீரின் காரத்தன்மையும் குறைந்துபோகும் என்று விளக்கினேன். "அப்படியென்றால் சரியான அளவு என்று ஒன்று இருக்கிறது, அதை ஒவ்வொரு முறையும் தேட வேண்டும்" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னான். என் வேலையை நானே இத்தனை சுருக்கமாக எவருக்கும் சொன்னதில்லை.

இன்னொன்றும் கேட்டான். அளவை மாற்றுவதற்கு முன் நான் ஷிஃப்ட் ஆபரேட்டரைத் தொலைபேசியில் அழைத்து, படிவுத் தொட்டி எப்படி இருக்கிறது, நான் சொல்லும் அளவு அவருக்குச் சரியாகப் படுகிறதா என்று கேட்டிருந்தேன். அவர் உன்னைவிடச் சிறியவர்தானே, அவரிடம் நீ ஏன் கேட்க வேண்டும் என்றான். தொட்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர், நான் ஆறு பீக்கர்களைத்தான் பார்க்கிறேன் என்றேன். அதற்கு அவன் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் மாலையில் அந்த ஆபரேட்டரிடம் தானாகப் போய் விடைபெற்றுக்கொண்டு வந்தான்.

வீடு திரும்பும் வழியில், "அம்மா, நீ பயந்துவிட்டாயா?" என்று கேட்டான். இல்லை என்று சொல்லத்தான் முதலில் வாயெடுத்தேன். பிறகு, ஆமாம், பயந்தேன் என்றேன். சற்று நேரம் கழித்து, "வீட்டில் சாவியைக் காணவில்லை என்றாலே சத்தம் போடுவாயே, அங்கே ஏன் போடவில்லை?" என்று கேட்டான். குற்றம் சொல்லும் குரலில் அவன் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினான். எனக்குப் பதில் தெரியவில்லை, தோழி. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னுடனேயே இருக்கிறது. வேலையிடத்தில் இருக்கும் என்னை அவன் பார்த்ததால், வீட்டில் இருக்கும் என்னையும் நான் பார்க்க வேண்டியதாயிற்று.

பிள்ளைகளை வேலையிடத்துக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1993-ஆம் ஆண்டு அமெரிக்காவில் மிஸ் ஃபவுண்டேஷன் என்ற பெண்கள் அமைப்பு, மகள்களை வேலையிடத்துக்கு அழைத்துச் செல்லும் நாளைத் தொடங்கியது. வளரிளம் பருவத்தில் பெண்பிள்ளைகளின் தன்னம்பிக்கை சரிகிறது என்ற கவலையே அதற்குக் காரணம். 2003-இல் மகன்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மகள்களுக்கென்று தொடங்கியதை ஏன் மாற்றினார்கள் என்று வருந்துகிறவர்களின் மனம் எனக்குப் புரிகிறது; என்றாலும் மகனைப் பெற்றவளாக, அந்த மாற்றம் தேவையானது என்றே கருதுகிறேன். அப்பா வேலைக்குப் போகிறார், அம்மாவும் போகிறாள் என்பதுதான் இதுவரை என் மகனின் கணக்கு. அந்த "உம்" என்ற இடைச்சொல்லை அவனிடமிருந்து எடுப்பதற்கு, அவன் என் ஆய்வகத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

நம் முன்னோருக்கு இப்படி ஒரு தனி நாள் தேவைப்படவில்லை என்று நீ சொல்லக்கூடும். தறிக்கும் சக்கரத்துக்கும் ஏருக்கும் பக்கத்திலேயே பிள்ளைகள் வளர்ந்தார்கள். குலவித்தை கல்லாமல் பாகம் படும், அதாவது குலத்தொழில் கற்காமலே கைவரும் என்ற பழமொழி அந்த வளர்ப்பிலிருந்து பிறந்ததுதான். ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு விலங்கும் இருக்கிறது. பார்த்துப் பழகிய கை அந்தத் தொழிலிலேயே கட்டுண்டது. வேறு ஒன்றை விரும்ப அதற்கு இடமில்லை. வேலைக்கான குறைந்தபட்ச வயதைப் பற்றிப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1973-இல் தனி உடன்படிக்கையே கொண்டுவர வேண்டியிருந்தது. எனவே என் மகன் குடிநீர் வேதியியலாளனாக வேண்டும் என்று நான் அவனை அழைத்துச் செல்லவில்லை. அப்படி ஓர் எதிர்பார்ப்பு உன் மனத்தில் இருந்தால், அதை முதலில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போ.

தொந்தரவைப் பற்றிக் கேட்டாயே, அதற்கு மார்கரெட் ஹாமில்டனின் கதையைச் சொல்ல வேண்டும். அப்பல்லோ விண்கலங்களின் மென்பொருளை எம்.ஐ.டி. ஆய்வகத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை ஏற்றவர். மாலைகளிலும் வார இறுதிகளிலும் தம் சின்ன மகளை ஆய்வகத்துக்கு அழைத்து வருவார். ஒருநாள் அந்தக் குழந்தை, பயிற்சிக்கான பாவனைக் கருவியில் விசைகளை அழுத்தி விளையாடும்போது, பறந்துகொண்டிருக்கும் நிலையில் ஏவுதலுக்கு முந்தைய நிரலைத் தேர்ந்தெடுத்துவிட, எல்லாம் நிலைகுலைந்தது. விண்வெளி வீரரும் இதே தவற்றைச் செய்யக்கூடும், தடுப்பு ஒன்று வைக்க வேண்டும் என்றார் ஹாமில்டன். பயிற்சி பெற்ற வீரர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று மறுத்தார்கள். 1968 டிசம்பரில், நிலவைச் சுற்றிவிட்டுத் திரும்பிய அப்பல்லோ 8-இல் விண்வெளி வீரர் ஜிம் லவெல் தவறுதலாக அதே நிரலைத் தேர்ந்தெடுத்தார். கலத்தின் வழிசெலுத்தல் தரவுகள் அழிந்து, அவற்றை மறுபடியும் சரிசெய்ய வேண்டியதாயிற்று. நன்கு பயின்றவர்கள் நினைத்துப் பார்க்காத இடத்தில் ஒரு குழந்தையின் விரல் முன்பே பட்டிருந்தது. இதைப் படித்த பிறகு, பிள்ளைகள் வேலையைக் கெடுப்பார்கள் என்று எவராவது சொன்னால் என்னால் எளிதில் தலையாட்ட முடிவதில்லை.

ஆனால் பாதுகாப்பில் சிறிதும் நெகிழ்ந்துவிடாதே. குளோரின் அறைப் பக்கம் அவனை நான் விடவே இல்லை. காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமான அந்த வாயு கசிந்தால் தரையோடு தரையாகப் பரவும், அவன் உயரத்தில் இருப்பவர்களை முதலில் பிடிக்கும். கனடாவில் 1994 முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை ஆண்டுதோறும் ஒரு நாள் பெற்றோரின் வேலையிடங்களுக்கு அனுப்புகிறார்கள். 2000-ஆம் ஆண்டு அந்த நாளில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஒரு தொழிற்சாலை வளாகத்தில் நடந்த வாகன விபத்தில் இரண்டு மாணவர்கள் உயிரிழந்தார்கள். உன் அலுவலகத்தில் அப்படிப்பட்ட ஆபத்து இல்லை என்றாலும், முன்அனுமதி பெற்றுக்கொள்; அவள் எங்கே உட்காரலாம், எதைத் தொடக்கூடாது என்பதை முதல் நாளே சொல்லிவிடு.

இனி உன் திரைக்கு வருகிறேன். என் பீக்கரில் நடப்பது கண்ணுக்குத் தெரிகிறது, உன் வேலை உன் தலைக்குள் நடக்கிறது. அதை வெளியே எடுத்து மேசைமேல் வைக்க வேண்டும். வாடிக்கையாளரின் ஆவணங்களை அவளிடம் காட்ட முடியாது. அதனால் உங்கள் வீட்டின் மூன்று மாத வரவு செலவுக் குறிப்பையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் அச்செடுத்துக் கொண்டு போ. இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல். ஒரு வண்ணப் பென்சிலால் ஒவ்வொரு தொகையாக டிக் போடட்டும். கொடுத்தும் வங்கிக்கு இன்னும் போய்ச் சேராத காசோலை ஒன்றோ, நீ எழுத மறந்த வங்கிக் கட்டணம் ஒன்றோ கடைசியில் தனியாக நிற்கும். அதை அவளே பிடிக்கும் வரை வாயைத் திறக்காதே. அவள் அதைச் செய்துகொண்டிருக்கும்போது நீ பக்கத்தில் உன் வேலையை உண்மையாகவே செய்; புரியாத ஒன்று வந்தால், அவள் எதிரிலேயே இன்னொருவரிடம் கேள்.

காலாண்டு முடிவின் நெருக்கடியைத் தவிர்த்து, இடைப்பட்ட ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடு. மதியத்துக்குப் பிறகு அவளுக்குச் சலிப்பு வரும். வரட்டும், உடனே வேடிக்கை காட்ட ஓடாதே. அன்று மாலை அவளோடு தனியாகத் திரும்பி வா, வழியில் நீயாக எதுவும் கேட்காதே.

என் மகனின் குறிப்பேட்டுத் தாளை ஆய்வக அலமாரியின் உட்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். "4-ஆவது: 9 நிமிடம், பஞ்சு பெரிதாகிவிட்டது" என்று அவன் எழுத்தில் இருக்கிறது. உதவியாளர் விடுப்பிலிருந்து வந்ததும் அதைப் பார்த்துவிட்டு, இது யார் பதிவு செய்தது என்று கேட்டார்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மகள் போய்வந்ததும் எழுது.

என்றும் அன்புடன்,
உன் தோழி