இரவில் உண்டாகும் பயங்கரம்

நாகர்கோவில்

அன்புள்ள நண்பா,

இயேசுவின் இனிய நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். கன்னிப்பூ நெல் அறுவடை முடிந்துவிட்டது. சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்கான வேலைகள் தொடங்கியிருக்கின்றன. மகள் குழந்தையோடு வந்து தங்கியிருப்பதால் வீடு கலகலப்பாக இருக்கிறது. மற்ற செய்திகளை நேரில் சொல்கிறேன். உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைப் படித்ததிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது.

இருதய இரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து மாதங்கள் ஆகியும், இருதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் உறுதி சொல்லியும், நள்ளிரவில் திடுக்கிட்டு விழித்து, உள்ளங்கை வியர்த்து, விடியும்வரை நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக எழுதியிருக்கிறாய். அதைவிட என்னை வருத்தியது வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்ன சொல். பயம் இருக்கிற இடத்தில் விசுவாசம் இல்லை என்றும், மாத்திரையை நம்புகிறவன் தேவனை நம்பவில்லை என்றும் அவர் சொன்னதைக் கேட்டு, டாக்டர் தந்த மாத்திரையையும் நிறுத்திவிட்டாய். முன்பு உனக்குப் பயம் மட்டும் இருந்தது. இப்போது பயப்படுகிறோமே என்ற குற்ற உணர்வும் அதோடு சேர்ந்துகொண்டது.

அந்தச் சொல் வேதத்துக்குப் பொருந்தாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கர்மேல் மலையில் அக்கினி இறங்கக் கண்ட எலியா தீர்க்கதரிசி, யேசபேல் ராணியின் ஒரு மிரட்டலுக்கு உயிர் தப்ப ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்கவில்லையா? அவரைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. தூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. எலியா புசித்து மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந்தரமும் வந்து எழுப்பி உண்ணச் சொன்னான். உறக்கமும் உணவும் முதலில், ஓரேப் மலையில் கர்த்தரின் பேச்சு பிறகு என்ற அந்த வரிசையை நாம் கவனிக்காமலே வாசித்துக் கடந்துவிடுகிறோம். சரீரம் தளர்ந்திருக்கும்போது அதற்கு வேண்டியதைக் கொடுப்பதும் தேவனுடைய கிரியைதான். ஆகவே அந்த மாத்திரையைப் பற்றி உன் டாக்டரிடம் ஒளிக்காமல் பேசு. அவர் சொல்கிறபடி மறுபடியும் தொடங்கு.

சென்ற வாரம் புலியூர்க்குறிச்சிக்குப் போக வேண்டிய வேலை இருந்தது. முடிந்ததும் உதயகிரிக் கோட்டைக்குள் சற்று நடந்தேன். கூரையில்லாத அந்தப் பழைய சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறைக் கல் இருக்கிறது. அதில் லத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மரின் படையிடம் பிடிபட்ட டச்சுத் தளபதி அவர். அதே அரசரின் கீழ் பணிசெய்துவந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, கால்நடைகளும் பயிரும் அழிந்து வீட்டில் துன்பம் மேல் துன்பமாக வந்தபோது மனமொடிந்துபோக, அவருக்கு டிலனாய், வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையைச் சொன்னார் என்பது நம் மாவட்டத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவது. பிள்ளை 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். கத்தோலிக்கர் அவரைப் புனிதராக வணங்குகிறார்கள். நாம் வேறு சபையினர் என்றாலும், இந்த மண்ணின் சாட்சி என்ற முறையில் அவர் நமக்கும் உரியவர்தான்.

கல்லறை அருகில் நின்றபோது உன் நினைவுதான் வந்தது. ஆறுதல் சொன்ன டிலனாய் யார்? போரில் தோற்று, நாடு திரும்ப வழியில்லாமல், தன்னைச் சிறைப்பிடித்தவர்களிடமே வேலை செய்துகொண்டிருந்த மனிதர். இழப்பைக் கண்ட ஒருவர் இழப்பில் இருந்த இன்னொருவரிடம் பேசினார். அவர் தேர்ந்துகொண்ட கதையும் எளிதான கதை அன்று. "நான் பயந்த காரியம் எனக்கு நேரிட்டது, நான் அஞ்சினது எனக்கு வந்தது" என்று புலம்புகிறவர் யோபு. தான் பிறந்த நாளையே சபிக்கிறார், தேவனோடு வழக்காடுகிறார், தம் துன்பத்துக்குக் காரணம் கேட்கிறார். கடைசிவரை காரணம் அவருக்குச் சொல்லப்படவில்லை. ஆனாலும் தேவன் பெருங்காற்றிலிருந்து அவரோடு பேசுகிறார், அது அவருக்குப் போதுமானதாக இருக்கிறது.

யோபுவின் நண்பர்களையும் நினைத்துப் பார். இரவும் பகலும் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் யோபுவோடு தரையிலே உட்கார்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து, உன்னிடத்தில் ஏதோ பாவம் இருக்கிறது என்று விளக்கத் தொடங்கியபோதுதான் எல்லாம் கெட்டது. முடிவில் கர்த்தர், யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று அவர்கள்மேல்தான் கோபங்கொள்கிறார். உனக்குப் புத்தி சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அந்த நண்பர்களில் ஒருவனான எலிப்பாசின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

தேவசகாயம் பிள்ளையைக் கைதுசெய்தது 1749-இல்; ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றது 1752-இல். இடையிலிருந்த ஆண்டுகளில் எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், அடித்தார்கள். அத்தனை இரவுகளிலும் அவருக்குப் பயமே வரவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை. வந்திருக்கும், அதைச் சுமந்துகொண்டே ஜெபித்திருப்பார். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்று தாவீது பாடியது அப்படிப்பட்ட நாளைப் பற்றித்தானே? பயம் போனபிறகு நம்புவேன் என்று அவர் சொல்லவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரே திகிலடைந்து வியாகுலப்பட்டார் என்று மாற்கு மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறார்; அந்த வேளையில் அவர் மூன்று சீஷரைத் தம்மோடு விழித்திருக்கும்படி கேட்டுக்கொண்டதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்.

ஆகவே, இரவில் விழிப்பு வரும்போது நாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு விளக்கைப் போடு. 56-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசி. நீண்ட ஜெபம் வராவிட்டால், பயமாயிருக்கிறது ஆண்டவரே என்று மட்டும் சொல். உன் மனைவியை எழுப்பத் தயங்காதே. அவள் தூக்கம் கெடுமே என்று நீ தனியாக இருட்டில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரிந்தால், தூக்கம் கெடுவதைவிட அதுதான் அவளுக்கு வருத்தமாக இருக்கும்.

அப்போஸ்தலனாகிய பவுல் மக்கெதோனியாவில் இருந்தபோது, "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று எழுதிவிட்டு, தம் உடன்வேலையாளாகிய தீத்து வந்ததினாலே தேவன் எங்களுக்கு ஆறுதல்செய்தார் என்று அடுத்த வரியில் சொல்கிறார். வரும் வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் புறப்பட்டுப் பாளையங்கோட்டைக்கு வருகிறேன். ஞாயிறு ஆராதனை முடியும்வரை உன் வீட்டில்தான் இருப்பேன். எந்த நேரமானாலும் என்னைத் தட்டி எழுப்பலாம். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கி வை. நானும் கூட வருகிறேன்.

கர்த்தருக்குள்,
உன் பழைய விடுதித் தோழன்