தவணை

காரைக்குடி
கார்த்திகை, 2025

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமையே வந்தது. ஆறு நாள் கழித்துத்தான் பதில் எழுத உட்கார்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, இடது முழங்கால் மட்டும் படியேறும்போது படுத்துகிறது. நீ கேட்டிருந்த கேள்விதான் என்னை இத்தனை நாள் உட்கார்த்தி வைத்துவிட்டது.

முதலில் உங்கள் பழைய வீட்டுச் சங்கதி. புதன்கிழமை போய்த் திறந்து பார்த்தேன். இரண்டாங்கட்டில் ஓடு இன்னும் நாலு வரிசை சரிந்திருக்கிறது. அந்தக் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு தொட்டால் இன்னும் வழுக்குகிறது. ஐப்பசி மழை இறங்கிய இடத்தில் மட்டும் பாளம் பாளமாக விழுந்து கிடக்கிறது. முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிப் போயிருந்தேன். தூண்களைத் தட்டிப் பார்த்தார்கள், நகத்தால் கீறிப் பார்த்தார்கள், பர்மாத் தேக்குதான் என்றார்கள். முகப்புத் தூண், நிலை, கதவு எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை சொன்னார்கள். அதை ஒரு தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பங்காளிகள் ஒப்புக்கொண்டால் தை பிறந்த பிறகு பிரிக்கலாம்.

இப்போது உன் கேள்வி. "ஊருக்கு வந்தால் ரோடு நன்றாக இருக்கிறது, எல்லோர் கையிலும் போன் இருக்கிறது, ரேஷன் அரிசி இலவசம். பிறகு ஏன் டீக்கடையில் உட்கார்ந்தால் எல்லோரும் இவ்வளவு கசப்பாகப் பேசுகிறார்கள்?" என்று எழுதியிருந்தாய். நீ குறை சொல்லிக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறாய் என்பது எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் பின்தெருவில் இருக்கிறாள். என்னை அண்ணன் என்று கூப்பிடுவாள். கல்யாணப் பலகாரம் செய்யும் இடத்தில் கூலி வேலை. கைமுறுக்குச் சுற்றுவதில் அவளுக்கு ஈடு யாருமில்லை. முகூர்த்த மாதங்களில் வேலை இருக்கும், ஆடியிலும் மார்கழியிலும் இருக்காது. மகளுக்கு நர்சிங் படிப்பு. பீஸ் கட்ட 2024 மாசியில் மூன்று பவுன் சங்கிலியை வங்கியில் வைத்து 90,000 ரூபாய் வாங்கினாள். ஒரு வருஷக் கெடு. வழக்கம்போல வட்டியை மட்டும் கட்டிவிட்டுத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்று எட்டாயிரத்துச் சொச்சத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, இந்த வருஷம் மாசியில் வங்கிக்குப் போனாள். முடியாது என்று சொல்லிவிட்டார்கள். முழு அசலையும் வட்டியையும் கட்டி நகையை வெளியே எடு, மறுநாள் வந்து புதிதாக வை, இப்போது அதுதான் உத்தரவு என்றார்கள்.

தொண்ணூறாயிரத்துக்கு எங்கே போவாள்? வங்கி வாசலிலேயே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு லட்சம் தருவார், ஒரு நாளைக்கு இரண்டாயிரம். இவளும் வாங்கிக் கட்டி நகையை எடுத்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி லீவு. அதற்கடுத்து ஞாயிறு. திங்கட்கிழமை திருப்பி வைத்து ஒரு லட்சத்தைக் கொடுக்கும்போது ஆறாயிரம் போய்விட்டது. பதினைந்து நாள் கூலி. அந்த ஓட்டையை அடைக்க, வாரா வாரம் கட்டும் கடன் குழுவில் சேர்ந்தாள். இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் காலை எட்டு மணிக்கு யார் வீட்டுத் திண்ணையிலாவது வாரப் பணம் கட்ட உட்கார்ந்திருக்கிறாள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்திருக்க முடியாது.

அன்றைக்குப் பவுன் விலை அறுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. அவளுடைய 90,000 கடனுக்கு ஈடாக வங்கிப் பெட்டகத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மதிப்புள்ள தங்கம் இருந்தது. வங்கிக்கு ஒரு பைசா ஆபத்து இல்லை. முப்பத்தைந்து வருஷம் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்தவன் சொல்கிறேன், இதைவிடப் பத்திரமான கடன் உலகத்தில் கிடையாது.

அந்த உத்தரவுக்கும் காரணம் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். நகைக்கடனில் பல முறைகேடுகள் நடக்கின்றன என்று 2024 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. பழைய கடனைப் புதுக்கடனால் அடைத்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலக் காட்டக் கூடாது என்பது அதில் ஒன்று. நியாயமான கவலைதான். ஆனால் அந்த வியாதி வங்கிகளை அரித்தது எங்கே? கைமுறுக்குச் சுற்றுகிறவளின் சங்கிலியிலா? 2015-இல் ரிசர்வ் வங்கியே கணக்குகளைக் கிளறிப் பார்த்தபோது, பெரிய கம்பெனிகளின் கடன்கள் இப்படி வருஷக்கணக்கில் நல்ல கடன்களாகவே காட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. மருந்து மட்டும் கடைசியில் இவள் வாயில் ஊற்றப்பட்டது. எல்லா ஊரிலும் கூச்சல் எழுந்த பிறகு ஜூன் மாதம் விதியைத் திருத்தினார்கள். இரண்டரை லட்சம் வரை நகை மதிப்பில் 85 சதவீதம் கொடுக்கலாம், வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கவும் வழி உண்டு. வங்கிகள் இதற்கு மாற 2026 ஏப்ரல் 1 வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள். வங்கிகளுக்கு நேரம் கிடைத்தது பார், அவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமைகூடக் கிடைக்கவில்லை.

என் மனதை அறுப்பது இதுதான். பணம் இருப்பவன், இல்லாதவன் என்ற வித்தியாசம் நாம் பிறந்ததிலிருந்து பார்த்தது. உன் வீட்டு முகப்பில் நீ விளையாடிய நேரத்தில் என் அப்பா உள்ளே கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதில் எனக்கு உன்மேல் ஒரு நாளும் வருத்தம் வந்ததில்லை. ஆனால் தவணை, அதாவது கடனைக் கட்டக் கொடுக்கும் கால அவகாசம், யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. உங்கள் அப்பச்சி பேச்சில் அந்தச் சொல் எத்தனை தடவை வரும்!

பெரிய கடன்காரனுக்கு எவ்வளவு தவணை என்று பார். 2023-24 வரையான பத்து வருஷத்தில் வங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியிருப்பதாக நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதில் பாதிக்கு மேல் பெரிய தொழில்களும் சேவை நிறுவனங்களும் வாங்கியது. டீக்கடையில் இதைத் தள்ளுபடி என்கிறார்கள். சரியாகச் சொன்னால் தள்ளுபடி இல்லை. கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டாலும் கடன் கடன்தான், வசூல் தொடரும். இதை நானே பலரிடம் விளக்கியிருக்கிறேன். ஆனால் எவ்வளவு வசூலாகிறது? 2016-இல் வந்த திவால் சட்டத்தின்படி தீர்த்துவைத்த கணக்குகளில், கடன் கொடுத்தவர்கள் கேட்ட நூறு ரூபாய்க்குச் சராசரியாக முப்பத்திச் சொச்சம்தான் வருகிறது. தீர்ப்பாயத்தில் 330 நாளுக்குள் முடிய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதையும் தாண்டி எத்தனையோ வழக்குகள் இழுக்கின்றன. அவ்வளவு நாளும் முதலாளி வீட்டு வாசலுக்குச் செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு யாரும் வந்து உட்காருவதில்லை.

அதே வங்கிகள், அரசு வங்கிகள், கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று ஏழை எளியவர்களிடம் 2019-20 முதல் ஐந்து வருஷத்தில் பிடித்த அபராதம் சுமார் 8,500 கோடி. ஆயிரம் ரூபாய் இல்லாதவனிடம் ஆயிரம் ரூபாய் இல்லை என்பதற்காகப் பணம் பிடிப்பது. நான் இருந்த கிளையிலும் பிடித்தோம். பாஸ்புக்கை நீட்டிக்கொண்டு நின்ற கிழவியிடம் பதில் சொல்ல முடியாமல் தலையைக் குனிந்துகொண்ட நாள் உண்டு. இந்த வருஷம் பல வங்கிகள் அதை நிறுத்தியிருக்கின்றன. பிடித்தது பிடித்ததுதான்.

உனக்குத் தெரிந்த கதை ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. உன் ஐயா பன்னிரண்டு வயதில், வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி பர்மா போனவர். அங்கே நடந்தது என்ன? 1930-இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் நூற்றுக்கு ஆறு. 1938-இல் இருபத்தைந்து. உலகமெங்கும் மந்தம், நெல் விலை சரிந்தது, கடன்பட்ட விவசாயியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. உன் ஐயா போன்றவர்கள் நிலத்தை ஆசைப்பட்டு எடுக்கவில்லை. பணம் வராததால் நிலம் வந்தது. ஆனால் அந்த விவசாயியின் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? விலை ஏறும்வரை இரண்டு அறுவடை பொறுத்திருந்தால் அவன் நிலம் அவனிடமே இருந்திருக்கும். பிறகு 1942-இல் ஜப்பான்காரன் வந்தான், உங்கள் ஆட்கள் காடு மலை வழியாக நடந்தே திரும்பினார்கள், விடுதலைக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. உங்களுக்கும் யாரும் தவணை தரவில்லை. புதன்கிழமை அந்தத் தூணைத் தொட்டுக்கொண்டு நின்றபோது இவ்வளவும் நினைவுக்கு வந்தது.

செட்டியார்கள் சம்பாதித்த பணத்தில் ஒரு பகுதி இந்த மண்ணுக்குத் திரும்பியதையும் நாம்தான் அனுபவித்தோம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்திராவிட்டால் மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்திருக்காது. அவர் கட்டிய கல்லூரியில்தான் நானும் நீயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். கும்பிடத்தக்க மனிதர். ஆனாலும் ஒரு ஊரின் பிள்ளைகள் படிப்பது ஒருவருடைய நல்ல மனதை நம்பி இருக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1969 ஜூலை 19-இல் பதினாலு வங்கிகளை அரசுடைமை ஆக்கினார்கள். அதில் ஒன்று 1937-இல் நம் காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கதவு திறந்த வங்கி. கணக்குப்பிள்ளை மகன் நான் வங்கி வேலைக்குப் போனது அந்தக் காலத்தின் புண்ணியம். நாலு சதவீத வட்டிக் கடன் என்று ஒரு திட்டம் இருந்தது. கழனிவாசலிலிருந்து வரும் கீரைக்காரிக்கு நானே பாரம் பூர்த்தி செய்து கொடுத்தேன். கை நாட்டு வைத்துவிட்டு என்னைக் கும்பிட்டாள். நான் பதறிப்போனேன். அந்த வேலையைச் செய்யத்தான் வங்கி என்று அன்றைக்கு நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

அரசியல்வாதிகளைப் பற்றி நீ இரண்டு வரிதான் எழுதியிருந்தாய். எனக்கு இரண்டு பக்கம் எழுதக் கை துடிக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். 2021-இல் ஐந்து பவுன் வரை நகைக்கடன் தள்ளுபடி வந்தது. கூட்டுறவில் வைத்தவர்களுக்கு மட்டும், அதிலும் ஆயிரம் நிபந்தனை. நான் சொன்ன பெண் அப்போது வைத்திருந்தது வேறு வங்கியில். அவள் கையில் நகைக்கடன் அட்டையோடு மூன்று நாள் அலைந்தாள். மேலே டில்லியில் 1985-இல் வாரிசுச் சொத்து வரியை எடுத்தார்கள், 2015 பட்ஜெட்டில் செல்வ வரியையும் எடுத்தார்கள். 2019-இல் கம்பெனி வரியை 30-லிருந்து 22 சதவீதமாக இறக்கினார்கள். 2022-இல் அரிசி மூட்டைக்கு, பெயர் ஒட்டிப் பொட்டலம் கட்டியிருந்தால், ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. போட்டார்கள். தேர்தல் பத்திரம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை ஆறு வருஷம் மூடி வைத்திருந்தார்கள். 2024 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம்தான் அதை உடைத்தது. கட்சி மாறியதே தவிர இந்தப் போக்கு மாறவில்லை. நாட்டின் சொத்தில் 40 சதவீதம் ஒரு சதவீதம் பேரிடம் இருக்கிறது என்று பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடுத்த வருஷம் நமக்குச் சட்டமன்றத் தேர்தல். வாசலுக்கு வருவார்கள், அக்கா என்பார்கள், தங்கச்சி என்பார்கள். திங்கட்கிழமை வரைக்கும் ஒரு லட்சம் இல்லாமல் அவள் தவித்தபோது அந்தத் தெருவில் ஒருவருமில்லை.

அதனால் ஒரு காரியம் செய்திருக்கிறோம், அதை உனக்குச் சொல்லத்தான் இத்தனை எழுதினேன். ஓய்வுபெற்ற நாங்கள் மூன்று பேர் ஆளுக்கு ஐம்பதாயிரம் போட்டு ஒன்றரை லட்சம் தனியாக வைத்திருக்கிறோம். நகை திருப்ப முடியாமல் வருகிறவர்களுக்குக் கொடுக்கிறோம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. நானே கூட வங்கிக்குப் போய் வருகிறேன். வைகாசியிலிருந்து பதினான்கு பேர் வாங்கியிருக்கிறார்கள். பதினான்கு பேரும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அதிகபட்சம் நாலு நாள். இதனால் நாடு திருந்தாது, தெரியும். விதியை மாற்ற வேண்டியவர்கள் மாற்றும்வரை அந்த வாசலில் நிற்கிறவரிடம் போக வேண்டாமே என்றுதான்.

பல இடங்களில் இன்னும் பழைய விதிதான். மாசியில் கெடு முடிகிறவர்கள் அதிகம், ஒரே நாளில் மூன்று பேர் வந்தால் எங்கள் பணம் போதாது. தூண் விற்று உன் பங்கு வரும்போது, அதில் ஒரு லட்சம் இதில் சேர்க்க முடியுமா? நன்கொடையாக வேண்டாம், உன் பெயரிலேயே கணக்கு இருக்கும், கேட்டபோது திரும்பும். யோசித்துச் சொல். முடியாவிட்டால் முடியாது என்று எழுது, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

ஆச்சிக்கு என் வணக்கம் சொல். அவருக்குப் பிடித்த சீப்புச்சீடை அந்தப் பெண்ணிடமே சொல்லிச் செய்து, அடுத்த வாரம் பார்சல் போடுகிறேன். பங்காளிகளிடம் பேசிவிட்டுச் சீக்கிரம் எழுது. தூண்காரர் இந்த மாதக் கடைசி வரை அதே விலைக்குப் பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உன் பெஞ்சுத் தோழன்