இன்னும் பெற்றுக்கொள்ளச் சொல்லும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்கள்தொகைக் கணக்கை வைத்துத் தொகுதி மறுவரையறை வந்தால் தமிழகத்துக்கு நாடாளுமன்ற இடங்கள் குறையும், அதனால் புதுமணத் தம்பதியர் சீக்கிரம் குழந்தை பெற்றுக்கொள்ளுங்கள் என்று தலைவர்கள் மேடையில் பேசுகிறார்கள். உசிலம்பட்டி பக்கம் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். அந்தப் பேச்சைப் படித்ததும் மனசு கேட்கவில்லை.

1984-இல் வேலைக்குச் சேர்ந்தபோது சுவரெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம், 'நாம் இருவர் நமக்கு இருவர்'. நான்காவதும் பெண்ணாகிவிட்டால் 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்த வீடுகள் என் பதிவேட்டில் இருந்தன. தாய்க்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ள ஆசைதான். "கொள்ளி வைக்க ஒரு பையன் வேணாமா?" என்று மாமியார் வாசலிலேயே மறித்துவிடுவார். இத்தனை பேருக்கு ஆபரேஷன் என்று 1996 வரை எங்களுக்கு இலக்கும் இருந்தது. அதை எட்ட நாங்களும் அந்தப் பெண்களைத்தான் நெருக்கினோம். அது தப்பு.

சுவர் எழுத்தால் எதுவும் மாறியதாக நான் நினைக்கவில்லை. தடுப்பூசிகள் ஊருக்குள் வந்தபின் பிறந்த பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வந்தது. சத்துணவுக்காகப் பள்ளிக்குப் போன பெண் எட்டாவது முடித்தாள். படித்த பெண்ணுக்குத் திருமண உதவித்தொகை என்று 1989-இல் அறிவித்ததும், படிப்பைப் பாதியில் நிறுத்த அப்பாக்கள் தயங்கினார்கள். கல்யாணம் தள்ளிப்போனது. அப்புறம் "ரெண்டோட நிறுத்திக்கிறேன் நர்சம்மா" என்று அவர்களே தேடி வந்தார்கள்.

ஒன்று மட்டும் அன்றும் இன்றும் அப்படியே இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 58 பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இத்தனைக்கும் ஆணுக்குத்தான் அது சின்ன வேலை, வயிற்றைத் திறக்க வேண்டியதே இல்லை. "அவரு மூட்டை தூக்குறவரு, பலம் போயிரும்" என்று மனைவிமாரே தடுப்பார்கள். எவ்வளவு விளக்கியும் எடுபடவில்லை.

அந்தப் போதும்பொண்ணுகளில் ஒருத்தியின் மகள் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். ஒரே பையன். இன்னொன்று வேண்டாமா என்று நானே கேட்டுவிட்டேன். "பெத்துக்கலாம் நர்சம்மா, பாத்துக்க யாரு இருக்கா?" என்றாள். முதல் பிள்ளைக்காக மூன்று வருஷச் சம்பளத்தை விட்டவள். அங்கன்வாடி மாலைக்குள் மூடிவிடுகிறது, அவளுக்கு வேலை முடிய இரவு எட்டாகிறது.

மேடையில் பேசுகிறவர்கள் அவள் குடியிருக்கும் பகுதியில் இரவு எட்டரை வரை திறந்திருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகத்தை முதலில் கட்டிக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
உசிலம்பட்டி.