ஃபேர்னஸ் மாற்றும் முன் அட்டிக்கைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குளிர் தொடங்கினால் உங்கள் பத்திரிகையில் பக்கத்துக்குப் பக்கம் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ், ஹீற் பம்ப், ஜன்னல் விளம்பரங்கள்தான். அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் பக்கத்திலுள்ள மார்க்கம் நகரிலும் எங்கள் சனத்தின் வீடுகளில், சூடு வெளியே போகாமல் தடுக்கும் இன்சுலேஷன் வேலை செய்கிறவன் நான். காஸ் பில் ஏறுகிறது என்று புதிய மெஷினுக்குக் கையெழுத்துப் போட முன், தலைக்கு மேலே, சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள அட்டிக்கில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள் என வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வீடு வாங்கும்போது வாசல் எந்தத் திசை, பேஸ்மென்றை வாடகைக்கு விடலாமா என்றெல்லாம் பார்க்கிறோம். மேல்மாடி அலமாரிக்குள் இருக்கும் அட்டிக் மூடியைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. எழுபதுகளில் கட்டிய பல வீடுகளில் அது வெறும் பலகைதான். விளிம்பில் ஒரு ரப்பர் பட்டிகூட இருக்காது. நல்ல குளிர் நாளில் அதற்குக் கீழே ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திப் பிடியுங்கள். புகை நேரே அந்த இடுக்குக்குள் இழுபட்டால், நீங்கள் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றும் அந்த வழியால்தான் போகிறது.

மேலே ஏறி, இன்சுலேஷனாகப் போட்டிருக்கும் ரோஸ் நிறப் பஞ்சைத் தூக்கினால் சில இடங்களில் அடிப்பக்கம் கறுத்திருக்கும். பூஞ்சணம் என்று வீட்டுக்காரர் பயப்படுவார்கள். பெரும்பாலும் அது தூசுதான். வயர் போகும் ஓட்டை, சீலிங்கில் பதித்த பொட் லைட், வோஷ்றூம் விசிறி, கழிவுக் குழாயைச் சுற்றிய இடைவெளி, இவற்றால் மேலே போகும் காற்றைப் பஞ்சு வடித்து தூசை வைத்துக்கொண்டு காற்றை விட்டுவிடுகிறது. மேலே போன காற்றுக்குப் பதிலாகக் கீழே வெளிக்குளிர் உள்ளே இழுபடும். பேஸ்மென்றில் இருப்பவருக்குக் கால் விறைப்பதற்கு அட்டிக் ஓட்டையும் ஒரு காரணம்.

அதனால் முதலில் ஓட்டைகளை அடைக்க வேண்டும், அப்புறம்தான் பஞ்சு. பஞ்சு சூட்டைத் தடுக்கும் திறனை ‘ஆர்’ என்ற அளவால் சொல்வார்கள்; இலக்கம் கூடினால் நல்லது. பழைய ஆறு அங்குலப் பஞ்சு ஆர்-20 அளவுதான். இப்போது எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் புது வீடுகளுக்கு ஆர்-60 மட்டில் போடுகிறார்கள். சிலர் வந்து குழாயை நீட்டி, ஓட்டைகளுக்கு மேலேயே செல்லுலோஸ் என்ற காகிதத் துகள் இன்சுலேஷனை ஊதிவிட்டுப் போய்விடுகிறார்கள். கூரை ஓரத்துக் காற்று வழியையும் மூடிவிடுகிறார்கள். இந்த வேலையைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. மூடிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? அடைக்கும் முன் எடுத்த படங்களையும் அடைத்த பின் எடுத்த படங்களையும் கேட்டு வாங்குங்கள். வீட்டின் சூடு எங்கே வீணாகிறது என்று பரிசோதிக்கும் பதிவுபெற்ற எனர்ஜி அட்வைசர் ஒருவர் முன்கதவில் பெரிய விசிறியைப் பொருத்திச் செய்யும் சோதனையில் வீடு எவ்வளவு ஒழுகுகிறது என்று இலக்கத்திலேயே தெரிந்துவிடும்.

“இறுக்கி அடைத்தால் கறி மணம் எப்படிப் போகும்?” என்று அம்மாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மணமும் நீராவியும் அட்டிக்குக்குப் போகக்கூடாது; அடுப்புக்கு மேலுள்ள விசிறியால் வீட்டுக்கு வெளியே போக வேண்டும். வோஷ்றூம் விசிறியின் குழாய் அட்டிக்குக்குள்ளேயே கழன்று கிடக்கும் வீடுகளும் உண்டு. அங்கே கூரைப் பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி நுனிகளில் பனி உறைந்திருக்கும். வெயில் பட்டதும் அது உருகிச் சொட்ட, கூரை ஒழுகுகிறது என்று ரூஃபிங்காரரைக் கூப்பிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. 1990க்கு முன் கட்டிய வீடாக இருந்து, அட்டிக்கில் சாம்பலும் பொன்னிறமும் கலந்த சிறு கூழாங்கல் மாதிரிப் பொருள் கிடந்தால் தொடாதீர்கள். அது வெர்மிக்குலைட் என்ற பழைய இன்சுலேஷன். அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். மூடியைப் போட்டுவிட்டு, முதலில் பரிசோதிப்பவரைக் கூப்பிடுங்கள்.

இப்படியான வீட்டுத் திருத்தங்களுக்கு மத்திய அரசு கொடுத்த 5,000 டாலர் வரையான கிறீனர் ஹோம்ஸ் மானியம் 2024 தொடக்கத்தோடு புது விண்ணப்பங்களை நிறுத்திவிட்டது. ஒன்ராறியோவில் 2025 ஜனவரியில் தொடங்கிய திட்டத்தில் இன்சுலேஷனுக்கும் காற்றடைப்புக்கும் விலைக்கழிவு அறிவித்திருந்தார்கள். இவற்றின் விதிகளையும், வேலை தொடங்க முன் என்ன செய்ய வேண்டும் என்பதையும் நீங்கள் தமிழில் ஒரு பக்கம் போட வேண்டும். பகலில் கதவைத் திறப்பதும், விற்க வந்தவர் நீட்டும் பத்திரத்தை வாங்கிப் பார்ப்பதும் பல வீடுகளில் அம்மா அப்பாதான்.

இப்படிக்கு,
இன்சுலேஷன் தொழிலாளி ஒருவர்,
மால்வேர்ன், ஸ்காபரோ