சுஃப்ரனை எதிர்த்து நின்றவர்

ஆசிரியருக்கு வணக்கம்.

சோழமண்டலக் கடற்போர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனைக் கொண்டாடிவிட்டு, பிரிட்டிஷ் தளபதி எட்வர்டு ஹியூஸ் பம்பாய்க்குத் திரும்பியதைப் பின்வாங்கல் என்று ஒரே வரியில் முடித்தது எனக்கு வருத்தமளித்தது. 1781-இல் நாகப்பட்டினத்தையும் மறு ஆண்டு தொடக்கத்தில் திருகோணமலையையும் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய ஹியூஸ், 1783 வரை சுஃப்ரனோடு ஐந்து முறை மோதியவர். சென்னையில் அன்று துறைமுகம் கிடையாது. 1782 ஆகஸ்டு இறுதியில் திருகோணமலையும் கைநழுவிப்போகவே, அடிபட்ட கப்பல்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன் பழுதுபார்க்க அவருக்கு வேறு எந்த இடம் இருந்தது? ஐப்பசி பிறந்ததும் படகுகளை மணல்மேட்டுக்கு இழுத்து, வலைகளைச் சுருட்டி வீட்டுக்குள் வைக்கும் பழவேற்காட்டுக்காரர்களான எங்களுக்கு அந்த முடிவின் நியாயம் நன்றாகவே புரியும். அவரைப் பற்றியும் தனிக் கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பழவேற்காடு