ஏறுவதற்கு மட்டும் திட்டம் போட்ட நம்ம ஞாயிறு குழுவுக்கு

அன்புள்ள ஞாயிற்றுக்கிழமை நடைக் கூட்டத்துக்கு,

நேற்று ராத்திரி குழுவில் நீங்கள் போட்ட சுவிட்சர்லாந்து திட்டத்தை மூன்று தடவை படித்தேன். 'ஆறு நாள், அஞ்சு சிகரம்.' எந்த நாள் எந்த மலை, எத்தனை மணிக்குக் கிளம்பணும், உச்சியில் யார் பேனர் பிடிக்கணும் என்பது வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள் (பேனர் வேறா, சாமி?). எத்தனை மணிக்கு இறங்க ஆரம்பிப்பது என்று மட்டும் ஒரு இடத்தில்கூட இல்லை. அதனால்தான் தனித்தனியாகப் போன் பண்ணாமல் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

நாம் நடப்பது எங்கே? காசிமேட்டில் ஆரம்பித்து எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூர் வரை போய்த் திரும்புகிறோம், ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கண்டெய்னர் லாரி. வழியில் இருக்கிற பெரிய ஏற்றமே வேகத்தடைதான். பத்து கிலோமீட்டரை ரெண்டு மணி நேரத்தில் முடிக்கிற கால் நமக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது கடல் மட்டத்துக் கால். எனக்கும் அதே கால்தான், அதை நம்பித்தான் போன வருஷம் ஜூலையில் சுவிட்சர்லாந்தில் இருக்கிற மச்சினன் வீட்டுக்குப் போனபோது மாட்டிக்கொண்டேன். உங்களிடம் ஃபோட்டோ மட்டும் காட்டினேன், நடந்ததை முழுசாகச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கிரின்டல்வால்ட் என்கிற ஊர் 1,034 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பழனி ரோப் கார் மாதிரி ஒன்றில் ஏறினால் சுமார் 2,170 மீட்டரில் ஃபர்ஸ்ட் என்ற இடத்தில் இறக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் ஒரு மணி நேர நடையில் பாக்ஆல்ப் ஏரி, அது குழந்தைகூட நடக்கிற பாதை. ஏரியைத் தாண்டி இன்னும் செங்குத்தாக ஏறினால் ஃபவுல்ஹார்ன் உச்சி, 2,681 மீட்டர். ஒரு பக்கம் ஐகர், மோன்ச், யுங்ஃப்ராவ் என்கிற மூன்று சிகரமும் வெள்ளையாக வரிசையில் நிற்கும், மறுபக்கம் எட்டிப் பார்த்தால் கீழே பிரியன்ஸ் ஏரி பச்சையாகக் கிடக்கும். மூச்சு வாங்கியது, ஆனால் ஏறிவிட்டேன். உச்சியில் ஒரு பழைய விடுதி இருக்கிறது, சூப் குடித்தேன், ஃபோட்டோ எடுத்தேன், வெயில் நன்றாக இருந்தது, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேவிட்டேன்.

தப்பு அங்கேதான். நம்ம ஊரில் ஆறரைக்கு இருட்டும், வெளிச்சத்தைப் பார்த்தே மணி சொல்லிப் பழகிய கண் நமக்கு. அங்கே ஜூலையில் ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கிறது. அஞ்சரை மணிக்கு மத்தியானம் மூன்று மணி மாதிரி வெயில் அடிக்கிறது. ரோப் காருக்குக் கடைசி வண்டி என்று ஒன்று இருக்கிறது என்பது தலைக்குள் ஏறவே இல்லை. ஃபர்ஸ்டுக்கு வந்து சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. இருபது நிமிஷம் பிந்திவிட்டேன்.

உணவகத்துப் பின்பக்கம் ஏப்ரனோடு ஒருவர் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் போனில் மச்சினனிடம் கத்துவதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து, "தமிழோ?" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், அந்தச் சமையலறையில் வேலை, மேலேயே தங்கிக்கொள்கிறவர். "அண்ணை, கடைசி வண்டி போயிட்டுது. அறையும் ஒண்டும் இல்லை. இனி நடந்துதான் இறங்கவேணும். தண்ணி கிடக்கோ? லைட் கிடக்கோ?" தண்ணீர் இருந்தது, லைட் இல்லை. போன் டார்ச்சைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பழைய டார்ச்சும் ரெண்டு துண்டு ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்து, "மெதுவா. முழங்கால் பாத்து" என்றார்.

ஆயிரத்து நூறு மீட்டர் இறக்கம். முதல் அரை மணி நேரம் ஜாலியாகத்தான் இருந்தது. அப்புறம் முழங்காலுக்கு மேலே தொடை நடுங்க ஆரம்பித்தது, தையல் மெஷின் ஊசி மாதிரி. ஏறும்போது தசை சுருங்கித் தள்ளுகிறது, இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பு எடையை பிரேக் பிடிக்கிறது. அந்த வேலைக்குப் பழகாத தசை அதிலேதான் கிழிபடுகிறது. ஷூவுக்குள் பாதம் முன்னால் சரிந்து ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் நகம் இடித்தது. ஊர் வந்து சேர்ந்தபோது மணி பத்து. மறுநாள் மச்சினன் வீட்டு மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினேன். நகம் ரெண்டும் கறுத்து, ஆடி முடிந்து ஆவணியில் விழுந்தது. அந்த ரெண்டு ஞாயிறு 'ஆபீஸ் வேலை' என்று சொன்னேனே, அது இதுதான்.

வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறியவர்கள் நாங்கள் என்று பதில் வரும், தெரியும். சரி, வெள்ளியங்கிரியையே எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் மூங்கில் கம்பு வாங்கினோமே, எப்போது நமக்கு அது உதவியது? திரும்பி வரும்போது ரெண்டாவது மலைப் படியில் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு 'முருகா' என்றது யார் என்று பேர் சொல்ல மாட்டேன். அதே கம்பைத்தான் அங்கே அலுமினியத்தில் விற்கிறார்கள். இறங்கும்போது கொஞ்சம் நீளமாக்கி, நமக்கு முன்னால் ஊன்றணும், அவ்வளவுதான்.

இப்போது நாலாம் நாளுக்கு வருகிறேன். 'மேட்டர்ஹார்ன் ஏறுதல் (அரை நாள்)' என்று போட்டிருக்கிறீர்கள். இதை எழுதினது யார்? அது 4,478 மீட்டர். கயிறு, ஐஸ் ஆணி வைத்த காலணி, வழிகாட்டி எல்லாம் வைத்துக்கொண்டு விடியும் முன்னே கிளம்புகிற பாறை ஏற்றம், நடைபாதை இல்லை. நடக்கிறவர்கள் போகக்கூடியது 3,260 மீட்டரில் இருக்கிற ஹ்யோர்ன்லி குடில் வரைக்கும், அதுவே செங்குத்து. அந்த மலையில் முதன்முதலாக 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பர் என்கிற ஆங்கிலேயரையும் சேர்த்து ஏழு பேர் உச்சியைத் தொட்டார்கள். ஏழு பேருமே பத்திரமாக ஏறினார்கள். இறங்கும்போது அனுபவம் குறைந்த ஒரு பையன் சறுக்கினான், ஒரே கயிற்றில் கட்டியிருந்ததால் மூன்று பேரை இழுத்துக்கொண்டு போனான், கயிறு அறுந்ததால் மீதி மூன்று பேர் பிழைத்தார்கள். அறுந்த அந்தக் கயிற்றுத் துண்டு இன்றைக்கும் அந்த மலையடிவாரத்து ஸெர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. நாலாம் நாள் அதைப் போய்ப் பாருங்கள். அரை நாளில் முடியும்.

பாதையைப் பற்றிப் பயமே வேண்டாம், அந்த விஷயத்தில் அந்த ஊர்க்காரர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. முக்குக்கு முக்கு மஞ்சள் போர்டு, நீங்கள் நிற்கிற இடத்தின் பேர், உயரம், அடுத்த இடத்துக்கு எவ்வளவு நேரம், எல்லாம் இருக்கும். வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கலாம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, கால் தடுமாறாமல் நடக்கத் தெரியணும். வெள்ளை-நீலம்-வெள்ளை பார்த்தால் திரும்பி வந்துவிடுங்கள், அது கயிறும் பனிக்கோடரியும் பிடிக்கிறவர்களுக்கு. ஒரே ஒரு விஷயம், போர்டில் போட்ட நேரத்தில் ஓய்வு சேராது, டீயும் ஃபோட்டோவும் சேராது. இறக்கத்தில் எனக்கு அதைப் போல ஒன்றரை மடங்கு ஆனது. உங்கள் திட்டத்தில் அந்த நேரத்தை அப்படியே காப்பி அடித்திருக்கிறீர்கள்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு ஆறரை டிகிரி குறையும், டீ-ஷர்ட்டோடு கிளம்பாதீர்கள். கோடைக்காலத்தில் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும், அப்போது உச்சியிலோ முகட்டிலோ இருக்கக் கூடாது. மாடு! நம்ம தெரு மாட்டைத் தட்டிக்கொடுத்துப் பழகின கையை அங்கே பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கன்றோடு இருக்கிற மாடு நிஜமாகவே முட்டும், வேலியிலேயே எச்சரிக்கை போர்டு வைத்திருக்கிறார்கள். விசாவுக்காக எடுக்கிற இன்சூரன்ஸில் மலையிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்குவது சேருமா என்று படித்துப் பாருங்கள், அந்த ஹெலிகாப்டர் நம்பர் 1414.

நான் கேட்பது இதுதான். அஞ்சு சிகரத்தை ரெண்டாக்குங்கள். ஒவ்வொரு நாளுக்கும் முதலில் கடைசி வண்டி நேரத்தை எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, இத்தனை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பணும் என்று ஒரு நேரம் போடுங்கள். உச்சிக்குப் பத்து நிமிஷம் பாக்கி இருந்தாலும் சரி. பேனர் வீட்டிலேயே இருக்கட்டும்.

வருகிற ஞாயிறு காசிமேடு வேண்டாம். பெரம்பூரில் முதல் ரயிலைப் பிடித்துத் திருத்தணி போவோம். வருஷத்துக்கு 365 நாள் என்று 365 படி, நாலு தடவை ஏறி இறங்குவோம். ஏறுவது யார் எப்படி வேண்டுமானாலும் ஏறுங்கள், நேரம் பார்க்க மாட்டேன். இறங்கும்போதுதான் வாட்ச் கையில் எடுப்பேன், வேகமாக வருகிறவரைத் திருப்பி அனுப்புவேன். டிபன் கீழே வந்த பிறகுதான்.

இப்படிக்கு,
எப்போதும் கடைசியில் நடந்து வருகிறவன்,
தண்டையார்பேட்டை