தண்டையார்பேட்டை அக்காவுக்கு நன்றி

பேர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் அக்கா என்றே எழுதுகிறேன்.

என் தம்பிக்கு ஆட்டிசம். டாக்டர் ஒரு பக்கம், தெரபி ஒரு பக்கம், அட்டை ஒரு பக்கம் என்று அம்மா அலைந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கோர்த்துக் கொடுத்தவர் அவர்தான். யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வந்த கையோடு, மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்துவிட்டார், 1 லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் உண்டு. அப்புறம், பிள்ளைக்கு 18 வயது ஆகிவிட்டால் பெற்றவர்களே ஆனாலும் சட்டப்படி தானாகக் காப்பாளர் ஆகிவிட முடியாது, 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் கலெக்டர் தலைமையிலான குழுவிடம் மனு போட வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்கு அம்மாவோடு அவரே வந்தார்.

ஆனால் எனக்குப் பெரிதாகப்படுவது வேறு. எங்கள் தெருவில் சாவு மேளமும் வெடியும் கேட்டாலே தம்பி காதைப் பொத்திக்கொண்டு கையைக் கடித்துக்கொள்வான், சுற்றி நிற்பவர்கள் பிடித்து இழுப்பார்கள், இன்னும் மோசமாகும். அக்கா டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு என்று ஒவ்வொரு இடமாகப் போய், "தொடாதீங்க, கத்தாதீங்க, தள்ளி நின்னாலே போதும், அவனே அடங்கிடுவான்" என்று பொறுமையாகச் சொல்லி வைத்தார். இப்போது ஆட்டோ அண்ணன்களே கூட்டத்தை விலக்கிவிட்டு எங்களுக்குப் போன் பண்ணுகிறார்கள். இதையெல்லாம் எந்த அலுவலகமும் செய்துதராது.

ரொம்ப நன்றி அக்கா. அம்மாவும் சொல்லச் சொன்னாங்க.